நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இல்லாதவள்

நாவலில் மழை பதினான்கு பக்கம்.
படத்தில் நாற்பத்தோரு விநாடி.
நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன்.
நடுவே ஒழுகிப் போனதையெல்லாம்
அட்டவணை போட்டு
மூன்றாம் இயலில் வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி, அரசுக் கல்லூரி,
முதல் மாடியில் கடைசி அறை.
திரை என்று தனியாக ஒன்றுமில்லை,
சுவரில் இரண்டு பூச்சு வெள்ளை.
ஜூன் மாதத்தில் மாங்கூழ் ஆலையின் தித்திப்பு
ஜன்னல் வழியே வரும், பின்னாலேயே ஈ வரும்.
ஈயின் நிழல்
கதாநாயகன் கன்னத்தில் மச்சம்போல்
உட்கார்ந்து எழும்.
(நாவலில் அவனுக்கு மச்சம் கிடையாது.
அதையும் நான் குறித்துக்கொண்டதாகத்
துறையில் ஒரு கேலி உண்டு.)

பதினொரு வருடமாக இதே வேலை.
எந்த வரி எந்தச் சட்டகத்தில் செத்தது,
எழுதியவர் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில்
யார் வயலின் வைத்தார்கள்.
எப்போதும் புத்தகத்தின் பக்கமே நின்று வாதாடினேன்.
புத்தகம் எனக்கு வக்காலத்து தந்ததா என்று
கேட்டுக்கொண்டதில்லை.

நூற்றுப் பதினேழாம் பக்கம்:
அணை திறந்த நாள். கரையில் யாருமில்லை.
அவ்வளவுதான்.
அந்த ‘யாருமில்லை’யைப் பற்றி ஆறு பக்கம் எழுதி
மைசூர்க் கருத்தரங்கில் வாசித்தேன்.
கைதட்டினார்கள், பிறகு போண்டா.

படத்தில் கரை கொள்ளாத ஆட்கள்.
‘இயக்குநர் வெறுமையை நம்பவில்லை’
என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டு
காட்சியை நிறுத்தினேன்.
மதகிலிருந்து பாதி விழுந்த தண்ணீர்
அந்தரத்தில் நின்றது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து நாகவேணி:
“சார், அந்தப் பச்சைக் குடம் எங்கம்மா.”

வகுப்பு சிரித்தது.
அவள் எழுந்து வந்து சுவரில் விரல் வைத்தாள்.
விரலின் நிழல் அம்மாவை மறைத்தது.
கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

பெரியமுத்தூரிலிருந்து டெம்போவில் ஏற்றிப் போனார்களாம்.
எல்லம்மாவுக்கு நூற்றைம்பது ரூபாய்,
ஒரு பிரியாணிப் பொட்டலம்.
குடம் கம்பெனியுடையது, திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
ஏழு தடவை நடக்க வேண்டியிருந்தது.
ஆறு தடவை, சொன்னபடி,
தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.
ஏழாவது தடவை
டெம்போவில் தூங்கப்போட்டுவிட்டு வந்த பிள்ளை
அழுகிறதென்று திரும்பிப் பார்த்தாள்.
“அதைத்தான் சார் படத்துல வெச்சிருக்காங்க.
அழுதது நான்தான்.”

மறுபடி ஓடவிட்டேன்.
மூன்று விநாடி.
குடம் வருகிறது, கழுத்து திரும்புகிறது,
சட்டகத்துக்கு வெளியே
கண் எதையோ தேடுகிறது.
‘துணை நடிகை ஒருவரின் கவனச் சிதறல்;
படத்தொகுப்பின் அலட்சியம்’
என்று எழுதியிருக்கிறேன் அதை.
அச்சாகிவிட்டது.

அழுகை கேட்கவில்லை.
அந்த இடத்தில் வயலின்.
வயலினுக்கு அடியில் எங்கோ
துடைத்துச் சுத்தமாக்கப்பட்டு
ஆறு மாதக் குழந்தை கத்திக்கொண்டிருக்கிறது.

“அம்மா படம் பார்த்தாங்களா?”
“டிவியில ரெண்டு தரம் போட்டான் சார்.
ரெண்டு தரமும் கரெண்ட் போயிடுச்சு.”

பிறகு அவள்தான் கேட்டாள்,
நாவலில் இந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று.
பலகையைப் பார்த்தபடி சொன்னேன்:
யாருமில்லை என்று இருக்கிறது.

கொஞ்சம் யோசித்தாள்.
“அணை திறந்தா ஊரே அங்கதான் சார் நிக்கும்.
எழுதினவரு
விடியறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருப்பாரு.”

மணி அடித்தது. ஈயும் அவர்களோடு போயிற்று.
அடிக்கோட்டை அழிக்க டஸ்டரைத் தேடினேன்,
யாரோ பக்கத்து அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கியவர்களுக்கு
அபராதம் போடும் குழுவில் நானும் உண்டு.
நூற்றுப் பதினேழைத் திறந்து
‘யாருமில்லை’க்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு குடம் வரைந்தேன்,
பென்சிலில்.
பச்சை கையில் இல்லை.